சிவப்பு நூல் கட்டிய குப்பி

விழா மலருக்குப் படம் அனுப்பச் சொல்லி நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நம் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்களாம். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து, தங்கள் கையாலேயே கருவிகள் செய்து பார்த்துச் சயின்ஸ் படிக்கப் போகிறார்களாம். அதன் திறப்பு விழாவுக்குப் பழைய மாணவிகள் சார்பில் மலர். "ஏ லேக்டோமீட்டர், ஒன் எக்சிபிஷன் போட்டோவப் போடு, கூடவே ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள். அறுபதைத் தாண்டியும் அந்தப் பட்டப்பெயர் என்னை விட்டுப் போகவில்லை பாருங்கள்.

படம் இருக்கிறது. எழுதவும் செய்கிறேன். ஆனால் ஒரு பக்கத்தில் நிற்காது, முதலிலேயே சொல்லிவிட்டேன். ராஜபாளையம் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது சேத்தூர் ரோட்டில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறேன். பஸ் நிறுத்தம் என் வாசலிலேயே இருக்கிறது. பஸ்ஸுக்கு வருகிறவர்கள் என் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக்கு நான் பேசுவதெல்லாம் அவர்களை வைகிற வசவுதான். அதனால் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஒன்பதாம் வகுப்புச் சயின்ஸ் டீச்சரை ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி முடிந்து, அடைமழை பிடித்திருந்த சமயத்தில் மாற்றலாகி வந்தார்கள். வந்த முதல் நாளே, "புஸ்தகத்தை மூடுங்க. கையில தொட்டுப் பாக்காம ஒண்ணும் மண்டையில ஏறாது" என்றார்கள். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை சோதனைக்கூடத்தின் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. திறந்தால் ஒரே வவ்வால் நாற்றம். உங்களில் இரண்டு பேர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவி விட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெஞ்சுக்கு ஒரு கருவி என்று டீச்சர் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பெஞ்சுக்கு மழைமானி, ஒரு பெஞ்சுக்குக் காற்றாடி, ஒரு பெஞ்சுக்குப் பல்பை வைத்துப் பூதக்கண்ணாடி. எங்கள் பெஞ்சுக்குப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற பால்மானி, அதாவது லேக்டோமீட்டர். "நீ பால்கோவாக் கடைக்காரர் மக, இவ பால்காரம்மா மக. வேற யாருக்குக் குடுக்க?" என்று டீச்சர் சிரித்தார்கள். வகுப்பே சிரித்தது.

அவளை உங்களுக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். வலது புருவத்தில் கன்றுக்குட்டி முட்டிய தழும்பு இருக்கும். பத்தாவது முடிக்காததால் நம் குழுவில் அவள் இல்லை. சேர்க்கலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை, நானும்தான்.

எனக்குத் தோழி என்று அவள் ஒருத்திதான். அதற்கு முந்தைய வருஷம் என் அம்மா தவறிவிட்டாள். கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. அப்பா விடியுமுன்னே கீழே இறங்கினால் அடுப்படியும் கல்லாவுமாக இருப்பார். நான் மாடியில் தட்டை வைத்துக்கொண்டு, கீழே இரும்புச் சட்டியில் துடுப்பு உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிடுவேன். வீடு முழுக்க இனிப்பு வாசம். யாராவது எங்கள் வீட்டைப் பார்த்தால் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். அம்மா போன பிறகு அப்பா என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. எனக்கு அம்மா ஜாடை. இப்போது புரிகிறது. அப்போது, என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பால்மானிக்குக் குப்பி நான் கொண்டுபோனேன். அம்மாவுக்குப் போட்ட ஊசி மருந்தின் குப்பிகள் அலமாரியில் அப்படியே இருந்தன, ரப்பர் மூடியோடு. அவள் சைக்கிள் கடையில் கேட்டுப் பால்ரஸ் குண்டுகள் கொண்டுவந்தாள். குண்டுகளைக் குப்பியில் போட்டு, எழுதித் தீர்ந்த ரீபிள் ஒன்றைக் கழுவி ரப்பர் மூடியில் குத்தி நிறுத்தி, மெழுகு உருக்கி அடைத்தோம். பாலில் விட்டால் குப்பி முழுகி, ரீபிள் மட்டும் மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நல்ல பால் என்றால் குப்பியை மேலே தூக்கும், தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் கீழே இறங்கும்.

டீச்சர் காலையில் தன் வீட்டு மாட்டில் கறந்த பாலைச் சொம்பில் கொண்டுவந்திருந்தார்கள். அதில் விட்டு, பால் மட்டம் ரீபிளைத் தொடுகிற இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டினோம். அஞ்சுக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிவிட்டு, மட்டம் தொட்ட இடத்தில் நீல நூல். கட்டியது அவள். கன்றுக்குட்டிக் கயிற்றில் பழகின விரல், அவ்வளவு சின்ன ரீபிளில் நூல் நகராமல் முடிச்சுப் போட்டாள். டீச்சர் வீட்டில் கறந்து, பஸ் ஏறி வந்து, எங்கள் பீரியட் தொடங்குவதற்குள் அந்தப் பால் ஆறி அடங்கியிருந்தது. அதை டீச்சரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, "ஏட்டி, ஒங்கருவியக் கொண்டா, பாப்போம்" என்று அப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டதே அதிசயம். நான் படியில் ஓடி இறங்கியதில் முழங்கை சுவரில் உராய்ந்து தோல் வழன்றுவிட்டது. அதைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் கடைக்கு மூன்று இடத்திலிருந்து பால் வரும். வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஒரு கேன். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து சைக்கிளில் ஒரு கேன். மூன்றாவது அவள் அம்மா. பின் தெருவில் மாட்டைக் கறந்து, நுரை அடங்குவதற்குள் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றிவிடுவாள். நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு என் தோழியும் ஒரு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு கூட வந்திருந்தாள்.

பஸ்ஸில் வந்த பாலில் விட்டேன். சிவப்பு நூல் சரியாக மட்டத்தில் நின்றது. சைக்கிளில் வந்த பாலிலும் சிவப்பு நூல். அப்பா என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். பிறகு அத்தை கொண்டுவந்த பால். நுரையை விலக்கிவிட்டுக் குப்பியை விட்டேன். சிவப்பு நூல் முழுகியது. நீல நூல் மட்டத்துக்கு வந்து நின்றது.

"அஞ்சுக்கு ஒண்ணு" என்றார் அப்பா.

"என்ன மொதலாளி?" என்றாள் அத்தை.

"தண்ணி. அஞ்சுக்கு ஒண்ணு."

என் தோழி என் பக்கமாகக் குனிந்து, "செத்த நேரம் ஆறட்டும்டி. இது கறந்த சூடு. ஆறினா மேல வரும்" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். மாட்டுக்காரி மகள், அவளுக்குப் பாலைப் பற்றித் தெரியாதா? ஆனால் எனக்கு அது அம்மாவைக் காப்பாற்றச் சொல்கிற சாக்காகப் பட்டது. அதைவிட, ஆறட்டும் என்று நான் சொன்னால் அப்பாவின் கை என் தோளிலிருந்து போய்விடும். இதுதான் உண்மை. "சயின்ஸ் நோட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

அத்தை சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மடி கழுவுன தண்ணி சொட்டியிருக்குமோ என்னமோ, மொதலாளி" என்றாள்.

"பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா" என்றார் அப்பா.

அடுப்பில் கோவா கிண்டிக்கொண்டு நின்ற சரக்கு மாஸ்டர் மட்டும் துடுப்பை நிறுத்தினார். "அண்ணாச்சி, இந்தம்மா பாலு சட்டியில எம்புட்டுச் சுண்டும்னு எனக்குத் தெரியும். தண்ணிப் பாலுன்னா கோவா கொறையும்லா? மூணு பாலுலயும் இதுதான் கூடக் கெடைக்கும். தனியாக் கிண்டிப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். ஒரே அளவுப் பாலைத் தனித்தனியாகச் சுண்டவைத்து, எதில் கோவா எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஊரில் காலங்காலமாகப் பாலைச் சோதிக்கிற வழி. அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அப்பா ஒத்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சப் பாலும் ஆறியிருக்கும், சிவப்பு நூலும் மேலே வந்திருக்கும்.

"படிச்ச பிள்ள கண்டுபிடிச்சிருக்கு. நீரு அடுப்பப் பாரும்" என்றார் அப்பா.

அன்றோடு அத்தையின் பால் எங்கள் கடைக்கு வரவில்லை. தெருவில் மற்றவர்களும் அவளிடம் பால் வாங்குவதை நிறுத்தினார்கள். அப்பா பெயின்டரைக் கூப்பிட்டு, 'கருவியால் சோதித்த பாலில் செய்த பால்கோவா' என்று கடை வாசலில் ஒரு போர்டு வைத்தார். மஞ்சள் எழுத்து. நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் அதன் அடியில்தான் போக வேண்டும். போர்டு மாட்டின வாரத்திலிருந்து சரக்கு மாஸ்டர், கோவா முன்னே மாதிரி நிற்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். விறகு ஈரம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவள் அதன் பிறகு நாலைந்து நாள் வகுப்புக்கு வந்தாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாட்டை விற்றுவிட்டு அவள் அம்மா பிறந்த ஊரான தளவாய்புரத்துக்கே போய்விட்டார்கள் என்று கடையில் யாரோ சொன்னார்கள். நான் பின் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். தொழுவத்தில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அதில் அறுத்த கயிறு இருந்தது, மழையில் ஊறிப்போய். அங்கேயே நின்று அழுதேன். யாரும் வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

அப்புறம் நீங்கள் என்னோடு சேரவில்லை. குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் சேர்ந்திருக்க மாட்டேன். "இவள வீட்டுக்குக் கூப்புடாத, மோரையும் அளந்து பாப்பா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தீர்கள். லேக்டோமீட்டர் என்ற பேர் அன்றைக்கு வைத்ததுதான். இருவர் உட்காருகிற பெஞ்சில் அந்த வருஷம் முழுக்க நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். பையை அவள் இடத்தில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்க யாரும் இல்லை.

டீச்சருக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "நம்ம பிள்ள செஞ்ச கருவி ஒரு கலப்படத்தையே பிடிச்சிருக்கு" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்கள். தை மாதம் ராஜபாளையத்தில் கண்காட்சி. முதல் நாளே நான் அங்கே சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். நல்ல பால் என்று காட்டுவதற்குச் சுத்தமான பால் வேண்டுமே. காலையில் சித்தப்பா தன் மாட்டை என் கண் முன்னால் கறந்து சொம்பில் கொடுத்தார். பட்டாளத்துக்காரர், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழாமல் கறந்தார். நான் குப்பியை விட்டுப் பார்த்தேன்.

சிவப்பு நூல் முழுகியது. நீலத்தில் நின்றது.

குப்பிக்குள் பால் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். மெழுகைத் தொட்டுப் பார்த்தேன், விரிசல் இல்லை. வேறு வழி தெரியாமல் அந்தச் சொம்போடு கண்காட்சிக்குப் போனேன். மேசை போட்டு, அட்டை ஒட்டி, வரிசையில் நிற்கிறபோது மணி பத்தாகிவிட்டது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். அதே பால், அதே சொம்பு. சிவப்பு நூல் மட்டத்தில் வந்து நின்றது. செத்த நேரம் ஆறட்டும்டி என்று அவள் சொன்னது காதுக்குள் கேட்டது.

டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், கறந்த சூட்டுல தப்பாக் காட்டுது. அத்த தண்ணி ஊத்தல டீச்சர்" என்றேன். டீச்சரின் முகம் மாறியது. சொம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு, "நடுவர் வந்துக்கிட்டு இருக்காக. இப்பப் போயி இதச் சொன்னா நம்ம ஸ்கூலுக்குக் கேவலம். பொறவு பாத்துக்கிடலாம், பேசாம நில்லு" என்றார்கள். அட்டையில் இருந்த இரண்டு பெயரில் ஒன்றின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைதான் பள்ளிக்கூடத்திலேயே இல்லையே என்று டீச்சர்தான் ஒட்டியிருந்தார்கள்.

நடுவர் நல்ல மனுஷர். வெள்ளை முடி, கனத்த கண்ணாடி. கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த முடிச்சு யாரும்மா போட்டது? நல்லா இருக்கே" என்றார். நான் வெள்ளைத்தாள் ஒட்டிய இடத்தைப் பார்த்தேன். "சரி, இந்தக் கருவி தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார்.

அதைவிட நேராக ஒருவர் என்னிடம் கேட்க முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி நின்றார். "இல்ல சார்" என்றேன்.

முதல் பரிசு. எவர்சில்வர் டம்ளர். அந்தப் படம்தான் நீங்கள் கேட்கிற படம். நான் ஒரு கையில் குப்பியும் ஒரு கையில் டம்ளருமாக நிற்கிறேன். சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அதை மட்டும் செய்தேன். அவர் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. "மாட்ட வித்துட்டுப் போயாச்சு. இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது? போர்டு வச்ச கடை. ஊரு சிரிக்கும்" என்றார். பிறகு, "நீ இத யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார். நான் சொல்லவில்லை. அன்று அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அதற்கும் நான் ஏங்கிக் கிடந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

குப்பி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடை கைமாறியபோது அலமாரியோடு போயிருக்கும். டம்ளர் இருக்கிறது. அதில் நான் ஒரு நாளும் பால் குடித்ததில்லை. பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

இத்தோடு முடித்து அனுப்பியிருப்பேன். ஆனால் போன மாதம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் மாத்திரை வாங்கிவிட்டு நிற்கும்போது, "ஏட்டி, பால்கோவாக் கடை" என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். புருவத்துத் தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தைத்த நைட்டிகளைப் பெரிய மூட்டையாகக் கட்டிக் காலடியில் வைத்திருந்தாள். தளவாய்புரத்தில் நாற்பது வருஷமாகத் தையல் என்றாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். கல்யாணமே ஆகவில்லை என்றேன். "அய்யோ, தனியாவா கெடக்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை யாராவது தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை.

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். சித்தப்பா கறந்த பால், நடுவர் கேட்டது, அப்பா சொன்னது, எல்லாவற்றையும். நாற்பத்தாறு வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு, பஸ் ஹாரனுக்கு நடுவில் உளறலாக வந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். கோபமே இல்லை. "எனக்குத் தெரியும்டி. எங்கம்மாவுக்குத்தான் தெரியாது."

"மிஷினு பொய் சொல்லாதுன்னு நம்பிட்டா. மடி கழுவுன தண்ணி தன் கையிலருந்துதான் எறங்கியிருக்கும்னு அவளுக்கு நெனப்பு. பொறவு தளவாய்புரத்துல ஒரு மாடு வாங்குனோம். கறக்கப் போகும்போது கைய ஒரு துணியில தொடைப்பா, இன்னொரு துணியில தொடைப்பா, வெயில்ல நீட்டிக்கிட்டு நிப்பா, அந்த மாடு கத்தும். நான் எம்புட்டோ சொன்னேன், அது சூடும்மா, தண்ணி இல்லன்னு. பெத்த மக அப்படித்தான சொல்லுவான்னு சொல்லிருவா." மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பா. ஒன்னயத்தான் நம்புனா."

"அத்த இப்ப..." என்றேன்.

"போன ஆவணியில போயிட்டா. படுத்த பெறகும் கைய முந்தானையில தொடைச்சிக்கிட்டே கெடந்தா."

தளவாய்புரம் பஸ் வந்தது. நானும் அதில்தான் ஏறினேன், என் வீடும் அந்த வழிதானே. கூட்டத்தில் அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால் நின்றேன். என் நிறுத்தம் வந்ததும் இறங்கினேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போடுவதாக இருந்தால் கீழே இரண்டு பெயரையும் போடுங்கள், அவள் பெயர் முதலில். புது அறைக்கு வருகிற பிள்ளைகளிடம், பக்கத்தில் இருக்கிறவள் ஆறட்டும் என்று சொன்னால் ஆறவிடச் சொல்லுங்கள்.

இப்போதும் வாசலில் பஸ் நிற்கிற சத்தம் கேட்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தளவாய்புரம் பஸ் ஒரு மணிக்கு ஒரு தரம் என் வாசலில்தான் நின்று போகிறது.